‘நல்லா இருக்கு’ என்றவர்கள் ஏன் வாங்கவில்லை?

1998-இல் மார்க் வேடன் என்ற அமெரிக்க இளைஞர் நிச்சயதார்த்த மோதிரம் வாங்கப் புறப்பட்டார். நிர்வாக ஆலோசனை நிறுவனத்தில் வேலை; எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தே பழகியவர். கடையில் எடுத்துக் காட்டிய வைரங்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏன் இத்தனை விலை வித்தியாசம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கேட்டதற்கு, உங்கள் மனதோடு பேசுவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் பதில் வந்தது. பிறகு இணையத்தில் தேடியபோது சியாட்டில் நகை வியாபாரி ஒருவருடைய எளிய தளம் கண்ணில் பட்டது. வெட்டு, நிறம், தெளிவு, காரட் என்ற நான்கையும் அது பொறுமையாக விளக்கியிருந்தது. மோதிரத்தை அங்கேயே வாங்கினார். 1999-இல் அந்தத் தொழிலின் பெரும்பங்கையும் வாங்கி, ‘ப்ளூ நைல்’ என்று பெயர் மாற்றினார். 2004-இல் அது பங்குச்சந்தைக்கு வந்தது. 2022-இல் சிக்னெட் என்ற நகை நிறுவனம் அதை 36 கோடி டாலருக்கு வாங்கியது.

குழம்பிப்போன ஒரு வாடிக்கையாளரின் கேள்விதான் அந்தக் கடையின் வடிவமைப்பு. இன்று ஆன்லைனில் நகைக்கடை தொடங்குகிற பலரிடம் இல்லாதது அந்தக் கேள்வி மட்டுமே. புகைப்படக் கலைஞர் வந்துவிடுகிறார், தளம் கட்டித் தர ஆள் கிடைத்துவிடுகிறார், பணம் செலுத்தும் வசதியும் இணைந்துவிடுகிறது. திறப்பதற்கு முந்தைய வாரம் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு, “பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்கிறார் உரிமையாளர். சித்தி கைகூப்புகிறார். கல்லூரி நண்பர் ‘சூப்பர்டா’ என்கிறார். “நல்லா இருக்குப்பா, லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்கு” என்கிறார் மாமா. கடை திறக்கிறது, பார்க்க வருகிறார்கள், வாங்காமல் போகிறார்கள்.

அந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால் அது உரிமையாளர் மேல் உள்ள பிரியத்துக்குக் கிடைத்த பாராட்டு. சித்தி அந்தத் தளத்தில் ஒரு ஜோடி தோடு தேடிப் பார்க்கவில்லை, விலையைக் கூட்டிப் பார்க்கவில்லை, திருகாணி எந்த வகை என்று தேடவில்லை. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் கண் மட்டும்தான் பதில் சொல்லும். நகை வாங்கும் முடிவில் கண்ணுக்குச் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் கணக்கும் நம்பிக்கையும்.

இதற்கு மாற்று நெடுநாளாகவே இருக்கிறது. 1982-இல் ஐபிஎம்மில் இருந்த க்ளேட்டன் லூயிஸ், கணினியைப் பயன்படுத்துகிறவரை மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யச் சொல்லும் முறையை விவரித்தார். பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2000-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 5 பேரை இப்படி உட்காரவைத்துக் கவனித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும் என்றார். 15 பேரை ஒரே நேரத்தில் சோதிப்பதைவிட, 5 பேரைச் சோதித்து, திருத்தி, அடுத்த 5 பேரை அழைப்பது நல்லது என்பது அவருடைய வாதம். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம் என்பதால் சிறு கடைக்காரருக்கு இது வரம்.

ஆனால் யார் அந்த 5 பேர்? நகை விஷயத்தில் இதைக் கவனமாக முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் மகள் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பார், அம்மா எடையையும் தரத்தையும் பார்த்துத் தலையசைப்பார், பணம் கட்டுவது இன்னொருவராக இருக்கும். மூவருக்கும் மூன்று பார்வைகள். பயனர்கள் வேறு வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் 3 அல்லது 4 பேரைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று நீல்சனும் சொல்கிறார். 25 வயதுத் தோழிகள் ஐந்து பேரை மட்டும் வைத்துச் சோதித்த தளம், 55 வயது அம்மாவின் கைப்பேசியில் என்ன பாடுபடும் என்பது யாருக்கும் தெரியாது.

அழைத்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்கக் கூடாது; வேலை கொடுக்க வேண்டும். “உங்க அக்கா பொண்ணுக்கு 50,000 ரூபாய்க்குள்ள ஒரு ஜிமிக்கி பாருங்க.” “அம்மாவோட கைக்குச் சரியா வர்ற வளையல் ரெண்டு எடுங்க.” அதன்பிறகு உரிமையாளர் வாய் திறக்கக் கூடாது. இதுதான் மிகக் கடினமான பகுதி. கவுண்டரில் நின்று பழகியவருக்கு, வாடிக்கையாளர் தடுமாறும்போது உதவாமல் இருக்க முடியாது. ஆனால் இரவு பத்து மணிக்கு வீட்டில் தனியாகத் தளத்தைத் திறப்பவருக்கு உதவ அங்கே யாரும் இருக்கப்போவதில்லை.

வளையலையே எடுத்துக்கொள்வோம். 2.4, 2.6, 2.8 என்று அளவுகள் போட்டிருப்பார்கள். கடைக்காரருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. 2.4 என்றால் இரண்டு அங்குலமும், அதன்மேல் பதினாறில் நான்கு பங்கும். அதாவது இரண்டே கால் அங்குலம், 57 மில்லிமீட்டர் உள்விட்டம். 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீட்டர். புள்ளி இருக்கிறதே தவிர அது தசமம் அல்ல. இப்போது ஒரு மகன், அம்மாவுக்குத் தெரியாமல் பரிசளிக்க நினைத்து, அவருடைய பழைய வளையலின் உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறார். 2.5 அங்குலம் வருகிறது. பட்டியலில் 2.5 இல்லை. கொஞ்சம் பெரிதாக இருந்தால் தப்பில்லை என்று 2.6-ஐத் தேர்ந்தெடுக்கிறார். வந்து சேர்வது 60.3 மில்லிமீட்டர் வளையல்; அம்மாவின் முட்டியைத் தாண்டாது. அவர் எங்குமே கவனக்குறைவாக இல்லை. ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் மில்லிமீட்டரையும் போட்டிருந்தால் போதும். இதைத் தொழிலில் ஊறிய எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் யாருக்கும் அது பிழையாகவே தெரியாது. மோதிர அளவிலும் இதே கதைதான். சில தளங்கள் ஏடிஎம் கார்டைத் திரைமேல் வைத்து அளவைச் சரிசெய்துகொள்ளச் சொல்கின்றன. கார்டின் அகலம் உலகெங்கும் 85.6 மில்லிமீட்டர்தான் என்பதால், அதன்பின் திரையில் தெரியும் வட்டத்தோடு பழைய மோதிரத்தை நம்பிக்கையாக ஒப்பிடலாம். நல்ல யோசனை.

அடுத்தது நிறம். நகைத் தளம் என்றதும் வெள்ளைப் பின்னணியில் தங்க நிற எழுத்து என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். இணைய அணுகல் வழிகாட்டுதல்களின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும். வழக்கமாகப் பயன்படும் தங்கச் சாயலை வெள்ளையில் வைத்தால் கிடைப்பது சுமார் 2-க்கு 1. அந்த நிறத்தில் ‘நிகர எடை’ என்று சின்னதாக எழுதினால், வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்குக் கண் சுருங்குவதுதான் மிச்சம். அதே தங்க நிறம் கறுப்பின்மேல் பளிச்சென்று தெரியும்.

விலை விஷயத்தில் தமிழ் வாடிக்கையாளர் கறாரானவர். தங்கம் எத்தனை கிராம், கல் எடை கழித்து எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி உண்டா, 3 சதவீத ஜிஎஸ்டி எதன்மேல் போட்டிருக்கிறார்கள் என்று துண்டுச்சீட்டில் எழுதிப் பார்த்துத்தான் தி.நகரில் வாங்குகிறார். தளத்தில் ஒரே ஒரு மொத்தத் தொகையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டினால் அவர் கை நின்றுவிடும். கிராமுக்குப் பக்கத்தில் சவரனையும் காட்டினால் மனக்கணக்கு சுலபம்.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு யாரும் சரிபார்க்கலாம். ஆனால் ஆர்டருக்குப் பிறகு செய்யப்படும் நகைக்கு வாங்கும் நேரத்தில் அந்தக் குறியீடே இருக்காது. இதைத் தளம் சொல்லாவிட்டால் ‘ஹால்மார்க் நம்பர் எங்கே?’ என்ற சந்தேகத்தோடு ஆள் வெளியேறிவிடுவார். இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டினால் பான் எண் கேட்பதும் அப்படியே. ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி எழுதாத தளம் மோசடித் தளம் போலத் தோன்றும்.

பணம் கட்டும் பக்கத்தில் நேரும் இழப்புக்கு, பயன்பாட்டு ஆய்வாளர் ஜேரட் ஸ்பூல் எழுதிய அனுபவத்தைவிட வலுவான சாட்சி இல்லை. பெயர் சொல்லாத ஒரு பெரிய அமெரிக்க விற்பனைத் தளத்தில், பொருளை எடுத்துவைத்தவர்கள் கணக்குத் தொடங்கச் சொல்லும் படிவத்தைப் பார்த்ததும் தயங்கினார்கள். உட்கார்ந்து கவனித்தபோதுதான் காரணம் தெரிந்தது. புதியவர்களுக்குப் பதிவு செய்ய விருப்பமில்லை; பழையவர்களுக்குக் கடவுச்சொல் நினைவில்லை. ‘பதிவு செய்க’ என்ற பொத்தானுக்குப் பதில் ‘தொடர்க’ என்ற பொத்தானும், கணக்கு கட்டாயமில்லை என்ற சிறு குறிப்பும் வைத்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் மட்டும் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர்.

கடை திறந்த பிறகும் கருத்து வந்துகொண்டேதான் இருக்கிறது, கேட்கத் தெரிந்தவர்களுக்கு. தொலைபேசியில் ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால், பக்கத்தில் அதற்கான பதில் இல்லை என்று பொருள். திரும்பி வரும் பார்சலோடு காரணம் எழுதும் சீட்டு வைக்கலாம். தேடல் பெட்டியில் மக்கள் தட்டச்சு செய்து எதுவும் கிடைக்காமல் போன சொற்களை வாரம் ஒருமுறை பார்க்கலாம். ‘ஜும்கா’ என்று பெயரிட்ட பக்கத்தை ‘ஜிமிக்கி’ என்று தேடுபவர் ஒருநாளும் காணப்போவதில்லை. மாட்டல், முகப்பு, நெளி மோதிரம் என்ற சொற்கள் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடப்படும். இரண்டுக்கும் தளம் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் தளமே தீர்த்துவிடாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2008-இல் மிதுன் சச்சேத்தியும் சீனிவாச கோபாலனும் சென்னையில் ஆன்லைன் கடையாகவே தொடங்கிய ‘கேரட்லேன்’, பின்னர் ஊர் ஊராக நேரடிக் கடைகளைத் திறந்தது. டைட்டன் நிறுவனம் 2016-இல் அதன் பெரும்பங்கை வாங்கியது. ‘ப்ளூ நைல்’ கூட 2015-இல் நியூயார்க் மாநிலத்து வணிக வளாகம் ஒன்றில், மோதிரங்களைப் போட்டுப் பார்க்க ஓர் இடம் அமைத்தது. காதில் போட்டால் கனக்குமா என்ற கேள்விக்குப் புகைப்படம் பாதிதான் பதில் சொல்லும். ஆனால் ‘ஒரு காதுக்கு 4 கிராம், நீளம் 32 மில்லிமீட்டர்’ என்ற வரியும், உண்மையான ஒரு காதில் தொங்கும் படமும் மீதியில் பெரும்பகுதியைச் சொல்லிவிடும்.

சோதனையை எப்போது நடத்துவது என்பதிலும் சிறு கடைகள் தவறிவிடுகின்றன. ஏப்ரல், மே வாக்கில் வரும் அட்சய திருதியைக்கு முந்தைய வாரத்தில் தளத்தில் கை வைக்க யாரும் துணிய மாட்டார்கள். பொங்கல் முடிந்ததும் முதல் 5 பேரை உட்காரவைத்தால் திருத்தவும் மறுபடி சோதிக்கவும் நேரம் இருக்கும். அந்தச் சோதனையில் ஒரு வேலையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். காலையில் நெக்லஸைக் கூடையில் போடச் சொல்லி, மாலையில் அன்றைய புதிய தங்க விலையோடு அதே கூடையைத் திறக்கச் சொல்ல வேண்டும். தொகை 1,200 ரூபாய் ஏறியிருந்தால் அவர் முகம் எப்படிப் போகிறது, காரணத்தைத் திரையில் எங்கே தேடுகிறார், தேடிய இடத்தில் அது இருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். காலை விலை எத்தனை மணி வரை செல்லும் என்பதைக் கூடையிலேயே, தொகைக்கு அடுத்த வரியில், கறுப்பு எழுத்தில் போடலாம்.