பெடலுக்கு முன் காது

ஏழு தந்திக் கிட்டார் என்று யாராவது தொடங்கினால் போதும், ஆராதனை முடிந்த பிறகும் எங்கள் பேச்சு கார் தரிப்பிடத்திலேயே நீளும். கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் வழக்கமாக ஜனவரியில் நடக்கும் என்.ஏ.எம்.எம். இசைக்கருவிக் கண்காட்சிக்கு என்ன கிட்டார், என்ன பெடல் வந்தது என்பதில் தொடங்கி, ட்ரீம் தியேட்டரில் வந்து நிற்போம். 1985இல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர் மூவர் தொடங்கிய குழு அது. நான்கில் ஓடும் தாளம் திடீரென ஏழுக்கு மாறும். புரோகிரசிவ் மெட்டல் உன்னிப்பாகக் கேட்டால்தான் பிடிபடும்.

உன்னிப்பாகக் கேட்கக் காது வேண்டுமே! கடந்த கோடையில் ஒரு மெட்டல் கச்சேரி முடிந்து திரும்பியபோது எங்கள் காதுகளில் ஒரே இரைச்சல், விடியும்வரை ஓயவில்லை. எங்களில் இருவர் தாதியர். வார்டில் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் நாங்களே காதடைப்பான் கொண்டுபோகவில்லை.

அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வேலைத்தளங்களுக்குச் சொல்லும் வரம்பு இது: ஒரு நாளில் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். உட்காதின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான், தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டு மங்காது. தம்பிமாரே, தங்கைமாரே, அடுத்த முறை பெடலின் விலையை விசாரிக்கும்போது இதன் விலையையும் விசாரியுங்கள்.