பகிர்வு வட்டில் பழைய தரவுத்தளங்கள்: கோப்புப் பூட்டுச் சிக்கல்

கோப்புப் பூட்டு என்பது, ஒரே கோப்பைப் பல கணினிகள் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும்போது, ஒருவர் எழுதும் பகுதியில் மற்றொருவர் எழுதாதபடி தடுக்கும் ஏற்பாடாகும். டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், யுனெஸ்கோவின் சிடிஎஸ்/ஐசிஸ் முதலிய தரவுத்தளங்கள் இந்த ஏற்பாட்டை நம்பியே பகிர்வு வட்டுகளில் இயங்கின. பள்ளிகள், நூலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், கடைகள் எனப் பல இடங்களில் இவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன. பூட்டு தவறினால் பதிவுகள் சத்தமில்லாமல் அழியக்கூடும்.

பூட்டு ஏன் தேவை?

திருவண்ணாமலையில் ஒரு பள்ளி நூலகம் இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஒரு நூலின் 4 படிகள் உள்ளன. இரு மேசைகளில் இருவர் அந்த நூலை ஒரே நொடியில் வழங்குகின்றனர். இரு கணினிகளும் கோப்பிலிருந்து 4 என்று படிக்கின்றன. ஒன்றைக் கழித்து 3 என்று எழுதுகின்றன. அடுக்கில் இருப்பது 2 படிகள். பதிவேட்டில் இருப்பதோ 3. பிழைச் செய்தி எதுவும் வராது. முதல் கணினி படிக்கும்போதே அந்தப் பதிவைப் பூட்டியிருந்தால், இரண்டாவது கணினி காத்திருந்து 3 என்று படித்திருக்கும்.

காவலர் இல்லாத பெட்டகம்

ஆரக்கிள், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களில் சர்வரில் இயங்கும் ஒரு மென்பொருள் மட்டுமே கோப்பைத் தொடும். மற்ற கணினிகள் அதனிடம் வேண்டுகோள் விடுக்கும். வங்கியில் காசாளரிடம் சீட்டு கொடுப்பது போன்றது இது. பழைய தரவுத்தளங்களில் காசாளர் கிடையாது. ஒவ்வொரு கணினியும் தானே பெட்டகத்தைத் திறந்து எடுக்கிறது, தானே மூடுகிறது. சர்வர் கோப்பை வைத்திருக்கும் இடம் மட்டுமே. ஆகவே எல்லாக் கணினிகளும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தால்தான் தரவு பிழைக்கும். சிக்கல்கள் யாவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

1984இல் வெளியான எம்எஸ்-டாஸ் 3.0, ஷேர் என்னும் நிரலின் வழியாகக் கோப்புப் பகிர்வையும் பூட்டையும் அறிமுகப்படுத்தியது. ஃபாக்ஸ்புரோவில் முழுக் கோப்பையும் பூட்ட எஃப்லாக், ஒரு பதிவை மட்டும் பூட்ட ஆர்லாக் என்னும் கட்டளைகள் இருந்தன.

இந்திய நூலகங்களில் ஐசிஸ்

சிறு கணினிகளுக்கான சிடிஎஸ்/ஐசிஸை யுனெஸ்கோ 1985இல் உருவாக்கி இலவசமாக வழங்கியது. இந்தியாவில் அதைப் பரப்பி, பயிற்சியும் அளித்தது மைய அரசின் நிசாட் திட்டம். அதை அடிப்படையாகக் கொண்டு டெசிடாக் நிறுவனம் சஞ்சய் என்ற நூலக மென்பொருளை உருவாக்கியது.

ஐசிஸின் பூட்டு முறை தனித்தன்மை உடையது. பிணையத்தில் ஒருவர் ஒரு பதிவைத் திருத்தத் தொடங்கினால், முதன்மைக் கோப்பில் அப்பதிவின் நீளத்தைக் குறிக்கும் எண் எதிர்க்குறி பெறும். அதுவே பூட்டின் அடையாளம். எத்தனை பேர் திருத்துகின்றனர் என்ற எண்ணிக்கையும் அதே கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும்.

இயங்குதளம் இடும் பூட்டு, இணைப்பு அறுந்ததைச் சர்வர் உணர்ந்ததும் நீங்கிவிடும். ஐசிஸின் பூட்டு கோப்பிலேயே எழுதப்படுவதால், திருத்தும் வேளையில் மின்சாரம் நின்றால் அப்படியே தங்கிவிடும். எல்லாக் கணினிகளையும் அணைத்து மீண்டும் இயக்கினாலும் போகாது. தனிக் கருவியால் விடுவிக்க வேண்டும். அதற்கு முன் அந்தக் கோப்பை வேறு யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்பதை உறுதி செய்வது கட்டாயம்.

வழக்கமான சிக்கல்கள்

* அட்டவணைக் கோப்பு பிசகுதல்: ஃபாக்ஸ்புரோவில் பதிவுகள் ஒரு கோப்பிலும் தேடல் அட்டவணை வேறொரு கோப்பிலும் இருக்கும். ஒன்றில் எழுதி மற்றதில் எழுதுமுன் இணைப்பு அறுந்தால், பதிவு இருந்தும் தேடலில் கிடைக்காது. அட்டவணையை மீண்டும் கட்டமைப்பதே வழி.

* அனுமதிக் குறைபாடு: ஆக்சஸ், தரவுக் கோப்பின் அருகிலேயே சிறிய பூட்டுக் கோப்பு ஒன்றை உருவாக்கும். பயனருக்கு அந்தக் கோப்புறையில் கோப்பு உருவாக்கவும் நீக்கவும் அனுமதி இல்லையெனில் பகிர்வு ஒழுங்காக நடக்காது.

* இடைத்தேக்கம்: விண்டோஸ் சர்வர், ஒரு கோப்பை ஒருவர் மட்டும் திறந்திருந்தால், அதன் படியைத் தம்மிடமே வைத்துத் திருத்த அவருடைய கணினிக்கு இசைவு தரும். இதை ஆப்லாக் என்பர். இரண்டாமவர் வந்ததும் சர்வர் அந்த இசைவைத் திரும்பப் பெறும். வேகத்துக்கு நல்லது. ஆனால் அந்த நேரத்தில் வலையிணைப்பு தடுமாறினால், எழுதியதாகத் தோன்றும் தரவு சர்வரை அடையாமல் போகலாம்.

புதுப்பிப்புகளால் வந்த நெருக்கடி

எஸ்எம்பி முதல் பதிப்பில் ஆப்லாக்கை நிறுத்திவைக்க முடிந்தது. பல நிர்வாகிகள் அவ்வாறே செய்தனர். விஸ்டாவுடன் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பழைய வழி செல்லுபடியாகவில்லை. 2017 மே மாதம் வான்னகிரை தீநிரல் தாக்கிய பின், விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி முதல் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. பாதுகாப்புக்கு இது தேவையே. பழைய தரவுத்தளங்களை மட்டுமே கருதி அதை மீண்டும் இயக்குவது பெரும் ஆபத்து.

2018இல் விண்டோஸ் 10இன் 1803 பதிப்புக்குப் பின், பகிர்வு வட்டிலுள்ள ஆக்சஸ் கோப்புகள் சீர்குலைந்த நிலையில் இருப்பதாகப் பல இடங்களில் செய்தி வந்தது. ஆப்லாக்கின் புதிய வடிவமான லீசிங் அதற்குக் காரணமாக இருந்தது. கோப்பு இருக்கும் கணினியில் அதை நிறுத்துவது தற்காலிகத் தீர்வானது.

தீர்வுகள்

1. அனைவரும் வெளியேறிய பின், அட்டவணைக் கோப்புகள் உட்பட முழுக் கோப்புறையையும் நாள்தோறும் படியெடுத்தல்.
2. சர்வர், பயனர் கணினி, வலையிணைப்புச் சாதனம் மூன்றுக்கும் யுபிஎஸ் அமைத்தல். வைஃபையைத் தவிர்த்துக் கம்பி இணைப்பைப் பயன்படுத்துதல்.
3. பழைய மென்பொருள் சர்வரிலேயே இயங்க, பயனர்கள் தொலைமேசை வழியாக அதைப் பயன்படுத்துதல். இதனால் தரவுக் கோப்பு வலையில் பயணிப்பது நின்றுவிடும்.
4. காசாளர் உள்ள தரவுத்தளத்துக்கு மாறுதல்.

நான்காவதே நிலையான தீர்வு. ஐசிஸ் தரவை ஐஎஸ்ஓ 2709 வடிவில் வெளியே எடுத்து, புலங்களை ஒப்பிட்டு மாற்றி, கோகா போன்ற மென்பொருளுக்குக் கொண்டுசெல்லலாம். ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்துவிட்டது. தரவு நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுவது எளிது. சிதைந்த பின் மீட்பது கடினம்.

இது பழைய மென்பொருள்களுக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. இன்று ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளிலும் உள்ள எஸ்கியூலைட் தரவுத்தளத்தையும் பகிர்வு வட்டில் வைத்துப் பலர் எழுத வேண்டாம் என்றே அதை உருவாக்கியவர்கள் அறிவுறுத்துகின்றனர்.