கணக்குக் கேட்பது அவிசுவாசமா?



காலையில் நீங்கள் டோம்பிவிலி நிலையத்தின் நெரிசலில் ரயிலேறி வேலைக்குச் சென்ற பின்பு, இம்மாநகரின் எத்தனையோ வீடுகளின் வாசலில் வெள்ளைக் குல்லாய் அணிந்த ஒருவர் வந்து நிற்கிறார். அவர்தான் டப்பாவாலா. சமைத்த உணவு டப்பாவில் அவர் கைக்குப் போகிறது. கை மாறி, ரயிலேறி, நண்பகலில் உரியவருடைய மேஜைக்கு வந்து சேருகிறது. மாலையில் வெறும் டப்பா வீடு திரும்புகிறது. 1890ஆம் ஆண்டளவில் தொடங்கிய இத்தொழில், 2020இல் லோக்கல் ரயில்கள் நின்றபோது பலத்த அடிபட்டும், அழிந்துபோகவில்லை.

முன்பின் அறியாத மனிதர் கையில் நம் உணவை ஒப்படைக்கிறோமே, எப்படி? அந்த டப்பாவின் மூடியைச் சற்றுக் கவனியுங்கள். அதன்மேல் எழுத்தும் எண்ணும் நிறமும் இருக்கும். எங்கிருந்து வந்தது, எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. டப்பா வழிதவறினால், எங்கே தவறியது என்று தேடிச் செல்ல வழி உண்டு. அவர்கள் நல்லவர்கள் என்பதற்காக மாத்திரம் நாம் நம்புவதில்லை. தவறு நேர்ந்தால் அது மறைந்துபோகாதபடி ஓர் ஒழுங்கு இருப்பதாலும் நம்புகிறோம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, நம்முடைய ஊரில் நடந்த ஒரு காரியத்தைப் பாருங்கள்.

தீபாவளிக்கு முன் மூடிய கடை

2019 அக்டோபரில், தீபாவளி நெருங்கிய வேளையில், டோம்பிவிலியில் குட்வின் ஜுவல்லர்ஸ் என்னும் நகைக்கடை பூட்டப்பட்டது. மாதாமாதம் பணம் கட்டி நகை வாங்கும் திட்டத்திலும், வட்டிக்கான வைப்பிலும் பணம் போட்டிருந்த அநேகர் பூட்டிய கதவின் முன் கூடினார்கள். ராம்நகர் காவல் நிலையத்தில் புகார்கள் குவிந்தன. டிசம்பரில் உரிமையாளர்கள் கைது செய்யப்பட்டனர். மகளின் திருமணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் கையில் மிஞ்சியது ரசீது மாத்திரமே.

பளபளக்கும் கடை, பல கிளைகள், இனிய சொல் ஆகியவற்றைப் பார்த்து நாம் நம்புகிறோம். ஆனால், "இந்தப் பணத்தை வாங்க இவர்களுக்கு அதிகாரம் உண்டா?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஒரு நிறுவனம் பொருளுக்கென்று வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகத் தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகையாகிவிடும் என்று 2014ஆம் ஆண்டின் கம்பெனி விதிகள் கூறுகின்றன. அநேக நகைச்சீட்டுகள் பதினொரு மாதத்தில் முடிவதன் காரணம் இதுவே. அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதைத் தடை செய்யும் சட்டமும் 2019இல் வந்தது. யாருக்கு அனுமதி உண்டு என்று பார்க்கவும், புகார் செய்யவும், ரிசர்வ் வங்கி 2016இல் 'சசேத்' என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. பணம் கட்டுமுன் பத்து நிமிடம் செலவிட்டு அதைப் பாருங்கள்.

கணினிக்குள் மறைந்த கடன்

"வங்கியானால் பயமில்லையே" என்பீர்கள். அதே 2019இல், செப்டம்பர் மாதம், பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின்மேல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. ஆறு மாதத்திற்கு ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய் மாத்திரமே எடுக்கலாம் என்பது முதல் உத்தரவு. வரம்பு பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டது. அவ்வங்கி கொடுத்த கடனில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்திற்குப் போயிருந்தது. அது வெளியே தெரியாதபடி 21,000க்கும் மேற்பட்ட பொய்யான கடன் கணக்குகள் காட்டப்பட்டிருந்தன. 2022 ஜனவரியில் அவ்வங்கி யூனிட்டி சிறுநிதி வங்கியுடன் இணைக்கப்பட்டது. பெருந்தொகை வைத்திருந்தவர்கள் முழுவதையும் பெற 10 ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டும் என்று திட்டம் வகுக்கப்பட்டது.

2025 பிப்ரவரியில், மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கியிலும் இத்தகைய துயரம் நேர்ந்தது. ரிசர்வ் வங்கியின் அதிகாரிகள் ரொக்கத்தைச் சோதித்தபோது, ஏட்டில் கண்ட தொகையில் சுமார் 122 கோடி ரூபாய் பெட்டகத்தில் இல்லை.

கணினி பொய் சொல்லாது என்று நினைக்கிறோம். கணினி, மனிதன் எழுதியதைத்தான் காட்டும். எழுதினவனை வேறொருவன் சோதிக்காவிட்டால், பழைய பேரேட்டில் நடந்த வஞ்சகம் புதிய திரையிலும் நடக்கும்.

ஆகவே இதையும் அறிந்துகொள்ளுங்கள்: வைப்புக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாகவே இருந்தது. காப்பீடுள்ள கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும், நகைச்சீட்டுக்குப் பொருந்தாது. ஆயுட்காலச் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதிருங்கள்.

"யாரிடமும் சொல்லாதே"

இப்போது ஆபத்து நம் கைப்பேசியிலேயே வருகிறது. "உமது பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது" என்று ஒரு குரல். பின்பு வீடியோவில் போலீஸ் உடையில் ஒருவர். "நீர் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர். அறையை விட்டு வெளியே வராதே, மனைவியிடமும் சொல்லாதே, பணத்தைச் சரிபார்க்க அனுப்பு" என்கிறார். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைக்குறித்து எச்சரித்தார்.

இவ்வார்த்தைகளில் எது வஞ்சகத்தைக் காட்டிக்கொடுக்கிறது? "யாரிடமும் சொல்லாதே" என்பதே. உண்மையான அதிகாரி ரகசியமாகப் பணம் கேட்பதில்லை. அப்படி ஓர் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்; சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. கேட்டால் அது உங்களிடமிருந்து எடுப்பதற்கே. வங்கியின் இணைய முகவரி 'பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்றும் பாருங்கள். 2025 அக்டோபர் இறுதிக்குள் வங்கிகள் அதற்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது.

நமக்குள்ளே எப்படி?

ஊரை விட்டு வந்தவர்களாகிய நாம் ஒருவரையொருவர் சீக்கிரம் நம்புகிறோம். அது நம்முடைய பலம். தாராவியில் ஓர் அறையில் தங்க இடம் கொடுத்தவரும், முதல் வேலைக்குச் சிபாரிசு செய்தவரும் நம் ஊர்க்காரர்தானே! ஆனால் அதே வாசல் வழியாக வஞ்சகமும் நுழையக்கூடும். "நம்ம பிரதர்தானே" என்ற ஒரு வார்த்தையில் எழுத்தில்லாமல் சீட்டுப் பணம் கை மாறுகிறது. "இரட்டிப்பாகும்" என்ற செய்தி சபையின் வாட்ஸ்அப் குழுவிலேயே வருகிறது. கேள்வி கேட்டால், "அன்பில்லையா, விசுவாசமில்லையா?" என்கிறார்கள்.

அப்போஸ்தலனாகிய பவுலைச் சிந்தித்துப் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த காணிக்கையை அவர் தனியாக எடுத்துச் செல்லவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார். அவருடைய உண்மையில் சந்தேகம் இருந்ததாலா? இல்லை. ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்பதற்காகவே. உத்தமமான தலைவன், கேட்கப்படுமுன்னே கணக்கைத் திறந்து வைக்கிறான்.

ஆகவே தலைமையில் இருப்பவர்கள் காணிக்கையை இருவர் எண்ணிக் கையெழுத்திடச் செய்யட்டும். மகாராஷ்டிராவில் பதிவான அறக்கட்டளைகளுக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்குத் தணிக்கை கடமையாக இருக்கிறது. அந்தக் கணக்கை ஆண்டுக்கொருமுறை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவதில் என்ன குறைவு? இட்லிக் கடையோ, தையற்கடையோ, மளிகையோ நடத்தும் சகோதரரும் பில் கொடுக்கட்டும். தவறு நேர்ந்தால் வாடிக்கையாளர் கண்டுபிடிக்குமுன் தாமே சொல்லட்டும். அப்படிச் சொன்னவரிடம் ஜனங்கள் திரும்ப வருவார்கள்.

கேட்கிறவர்களும் மரியாதையாய்க் கேட்கலாம். "பிரதர், உங்கள்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் மனத்தாங்கல் வராமலிருக்க எழுதிக்கொள்வோமா?" என்று சொல்லுங்கள். உண்மையுள்ளவர் பேனாவை எடுப்பார். கோபப்படுகிறவரிடம் பணத்தைக் கொடாதிருங்கள்.

இந்த வாரத்தில் ஒரு மாலை, குடும்பமாக உட்காருங்கள். எந்தப் பணம் எங்கே இருக்கிறது, யாரிடம் எழுத்து இருக்கிறது, யாரிடம் இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாத கணக்கும், பிள்ளைகளுக்குச் சொல்லாத கடனும் இருந்தால் அன்றைக்கே வெளிச்சத்திற்குக் கொண்டுவாருங்கள். பிறரிடம் நாம் கேட்கும் கணக்கை முதலாவது நம் வீட்டில் ஒப்புவிப்போம். கணக்குக் கேட்பது அவிசுவாசம் அல்ல. நம்பிக்கை நெடுநாள் நிலைக்கும் வழி அதுவே.