பற்சக்கரங்களும் எண்ணெயும்

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் வணிக முறையில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அந்நாள்களில் கொழுந்தைக் கைகளே மேசைமீது உருட்டின. இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அப்பணியை உருட்டு இயந்திரங்கள் ஆற்றுகின்றன. மோட்டாரின் விரைந்த சுழற்சியைத் தணித்து, பெரும் விசையாக்கி அளிப்பவை பற்சக்கரங்கள்.

கை வலித்தால் மனிதன் சொல்வான். பற்சக்கரம் எவ்வாறு சொல்லும்? ஓசை மாறும், பெட்டி வழக்கத்தினும் மிகுதியாகச் சூடேறும், எண்ணெயில் இரும்புத் துகள் மின்னும். எண்ணெய் பால்போல் வெளுத்தால், நீர் கலந்துவிட்டது என்பது பொருள். மலைநாட்டின் ஈரக்காற்று இரவுக் குளிரில் பெட்டியினுள் நீராகப் படிவதுண்டு.

பற்களுக்கிடையே நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமே அவற்றின் காப்பு. எண்ணெய் குறைந்தால் பற்கள் தேயும். அளவு மீறினாலோ அது கடையப்பட்டு, நுரைத்துச் சூடேறும். ஆதலால் இயந்திரத்தை நிறுத்தி அளவு பார்த்தல், உரிய காலத்தில் பழைய எண்ணெயை மாற்றுதல், கசிவை அடைத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. கசிந்த எண்ணெய் கொழுந்தையும் கெடுக்கும். ஆகவே, கொழுந்தை அடுத்த இடங்களுக்கு உணவுத் தொழிலுக்கெனத் தயாரிக்கப்பட்ட எண்ணெயே ஏற்றது.

கொழுந்து காத்திராது, பறித்த கணத்திலிருந்தே மாறத் தொடங்குகிறது. நள்ளிரவில் இயந்திரம் நின்றுவிட்டால், மலைச்சரிவில் மழையில் நனைந்து பெண்கள் பறித்த ஒரு நாள் உழைப்பு வீணாகக்கூடும். வேலை தொடங்குமுன் எண்ணெயின் அளவைப் பார்க்கும் சில நிமிடங்கள் அவ்வுழைப்பைக் காக்கும்.