சரிவு இருக்கிறது, தடம் இல்லை

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் கனரா யூனியனின் திருமண மண்டபத்தில் ஆடிப் பழகிய பாட்மிண்டன் வீரர் பிரகாஷ் படுகோன், 1980இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றார். திறமை இருந்தால் வசதிக் குறைவு தடையாகாது என்பதற்கு இதைச் சான்றாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்த மண்டபத்தில் கோடு கிழித்தாலும் லண்டனில் கிழித்தாலும் பாட்மிண்டன் களத்தின் நீளம் 13.4 மீட்டர்தான். பனிச்சறுக்கில் மிக வேகமான 'டவுன்ஹில்' பந்தயத்துக்கு அப்படி ஒரு மாற்றுக்களம் கிடையாது. இமயமலை இருந்தும் உலகத்தரமான டவுன்ஹில் வீரர்கள் இங்கே உருவாகாததற்குக் காரணம் இதுதான். துணிச்சல் குறைவு அல்ல.

ஆண்கள் டவுன்ஹில் தடத்தில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே பொதுவாக 800 முதல் 1,100 மீட்டர் வரை உயர வேறுபாடு இருக்கும். ஒரே ஓட்டத்தில் வெற்றி தீர்மானமாகிவிடும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனால்தான் வீரர் உடலைக் குறுக்கிக் குனிந்தே பாய்கிறார். மணிக்கு 140 கிலோமீட்டரில் ஒரு நொடியில் சுமார் 39 மீட்டரைக் கடந்துவிடுவார். மேட்டுக்கு அப்பால் இருக்கும் வளைவைப் பார்த்த பிறகு திரும்ப நேரமிருக்காது; அது முன்பே மனத்தில் பதிந்திருக்க வேண்டும். பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் அதே தடத்தில் பயிற்சி ஓட்டம் நடத்துவது இதற்காகத்தான். துணிச்சல் மட்டுமே முடிவு செய்வதானால் இளைஞர்களே வெல்வார்கள். 2013இல் வெங்கனில் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட பிரான்ஸின் ஜோஹன் கிளாரே, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 41.

காஷ்மீரின் குல்மார்க்கில் சரிவு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அங்குள்ள கேபிள் காரின் இரண்டாம் கட்டம் மட்டுமே சுமார் 900 மீட்டர் ஏறுகிறது. ஆனால் அது பொடிப்பனிக்குப் பெயர்பெற்ற சரிவு. பந்தயத் தடமோ நீர் பாய்ச்சி இறுக்கிய பனிக்கட்டியாக, ஓரங்களில் பாதுகாப்பு வலையோடு இருக்க வேண்டும். பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரரான காஷ்மீரின் ஆரிஃப் கான் போட்டியிட்டதும் உயர வேறுபாடு குறைவாகத் தேவைப்படும் ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் பிரிவுகளில்தான்; ஜயண்ட் ஸ்லாலத்தில் அவருக்கு 45ஆவது இடம். 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கிலேயே இந்தியாவின் ஜெரமி புஜகோவ்ஸ்கி டவுன்ஹில்லில் இறங்கினாரே என்றால், உண்மைதான். ஆனால் ஒருமுறை களமிறங்குவதும் பத்து, பதினைந்து குளிர்காலங்கள் அதிலேயே நிலைத்து நிற்பதும் ஒன்றல்ல. பனி பொய்த்ததால் 2025இல் குல்மார்க்கின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டே தள்ளிவைக்கப்பட்டது. இந்நிலையில் வீரரைச் சில வாரம் வெளிநாட்டுக்கு அனுப்புவதால் மட்டும் பெரிய பயன் வராது; பனி கிடைக்கும் வாரங்களில் ஒரு சரிவையேனும் பந்தயத் தரத்தில் வைத்திருப்பதற்கே முதல் பணம் போக வேண்டும்.