மேகமலைப் புறாவும் சென்னைத் தூரிகைகளும்

தேனி அல்லிநகரத்துக்காரர்களுக்குப் பறவை பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. முல்லைப் பெரியாற்றுப் பாறைகளில் கறுப்பும் வெள்ளையுமாய் வாலாட்டிக்குருவி ஓடித் திரியும். மேகமலைப் பக்கம் பொழுது விடியும் முன்னே காட்டுச்சேவல் கூவும். இவ்விரண்டும் பறவைப் படங்களின் முந்நூறு ஆண்டுக் கதையில் இடம் பெற்றவை.

சென்னை ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, உள்ளூர்ப் பறவைகளின் படங்களை லண்டனுக்கு அனுப்பினார். அவை ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரேயின் 1713-ஆம் ஆண்டு நூலில் அச்சேறின. அவற்றில் ஒன்றான வாலாட்டியின் அறிவியல் பெயரில் மதராசப்பட்டணம் இன்றும் இருக்கிறது. காட்டுச்சேவலோ பியர் சொன்னெராவின் பெயரைச் சுமக்கிறது. இந்தப் பிரெஞ்சுக்காரர் 1782-ல் பாரிஸில் வெளியிட்ட பயணநூலில் அது செப்புத்தகட்டுப் படமாக வந்தது.

ஆனால் என் மனம் நிலைகொள்வது சென்னையிலேயே அச்சான ஒரு நூலில். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் தாமஸ் ஜெர்டன், பெரும்பாலும் தென்னிந்தியாவைச் சேர்ந்த ஐம்பது பறவைகளின் படங்களைத் தொகுத்தார். 1847-ல் அது முழுமை பெற்றது. அச்சிட்டது, பி.ஆர்.ஹண்ட் நடத்திய அமெரிக்கன் மிஷன் அச்சகம். 1862-ல் வின்சுலோவின் தமிழ் அகராதியைக் கொண்டுவந்ததும் அதே அச்சகம்தான்! நம் சொற்களும் நம் பறவைகளும் ஒரே கூரையின் கீழ் காகிதம் ஏறியிருக்கின்றன.

அந்த நூலில் நீலகிரிக் காட்டுப்புறா உண்டு. மேகமலைச் சோலைக்காடுகளில் பழம் தின்று வாழ்கிற அதே புறாதான். அதன் பிடரியைக் கவனித்திருக்கிறீர்களா? கறுப்பு இறகுகளின் நுனி வெள்ளையாக இருப்பதால் சதுரங்கக் கட்டம் போலத் தோன்றும். முதுகில் செங்கபில நிறம். கழுத்தோரம் வெயில் பட்டால் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னும்.

அந்த நூலின் படங்கள் கல்லச்சில் வந்தவை. அக்காலக் கல்லச்சில் பெரும்பாலும் கறுப்பு மட்டுமே விழும். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் மெழுகுக் கோலால் வரைவார்கள். கல்லை நனைத்து, எண்ணெய் மையை உருட்டினால், கோடிருந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். நிறம் வராது. மாதிரிப் படம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரதிக்கும் ஒருவர் குனிந்து உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் தீட்ட வேண்டும். அந்தக் கழுத்து மினுமினுப்பை நீர்வண்ணத்தில் பிடிப்பது லேசான வேலையல்ல. மினுக்கம் தெரிய, வேலம்பிசின் கரைசலை மேலே பூசுவது அக்காலத்து வழக்கம். ஒரு பிரதியைப் போல் இன்னொன்று இருப்பதில்லை.

ஜெர்டனின் நூலுக்குப் பறவைகளை வரைந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய ஓவியர்கள். நூலோடு பெயர் பதிவானவர்களில் ஒருவர் சி.வி.கிருஷ்ணராஜு. மற்ற கைகளில் பலவற்றுக்குப் பெயரில்லை. நெல்லூரில் ஜெர்டனுக்குக் காட்டுயிர்களைக் கொண்டுவந்து கொடுத்த யானாதிப் பழங்குடி மக்களுக்கும் இதே கதிதான். ஜெர்டனின் பெயரோ பறவை, பல்லி, பாம்பு என்று எத்தனையோ உயிர்களுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது.

ஜெர்டனின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூலை, 1862 முதல் 1864 வரை வெளிவந்த அத்தொகுதிகளை, ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஆனால் ஒரு பறவையை அடையாளம் காட்ட நிறமும் வேண்டும். அந்த நிறம் வந்தது பெயர் தெரியாத கைகளின் தூரிகையிலிருந்து.

இன்று இத்தகைய பழைய தாள்கள் சட்டமிடப்பட்டு விலைபோகின்றன. அடியில் இயற்கையியலாளரின் பெயர் இருக்கும். தேனியில் பள்ளியோ கல்லூரியோ அந்தக் காட்டுப்புறாவின் படத்தைச் சுவரில் மாட்டினால், ஜெர்டனின் பெயருக்குப் பக்கத்தில் கிருஷ்ணராஜுவின் பெயரையும் எழுதட்டும். பெயர் தெரியாதவர்களைக் குறிக்க 'இந்திய ஓவியர்கள்' என்றாவது ஒரு வரி இருக்கட்டும்.