ஒற்றை அறைக் குடித்தனமும் யோகாசனமும்

யோகாசனம் என்றவுடன் நம் அன்பர்களிற் பலருக்குத் தலைகீழாய் நிற்கும் ஒரு சந்நியாசியின் உருவமே கண்முன் தோன்றுகிறது. விடியுமுன் குழாயில் தண்ணீர் பிடித்து, ஏழரை மணி மின்சார ரயிலுக்கு ஓடும் நமக்கு அதனால் ஆவதென்ன என்று வினவுகின்றனர். பதஞ்சலி முனிவரோ ஆசனத்திற்கு இலக்கணம் கூறுகையில் உறுதி, சுகம் என்னும் இரண்டையே விதித்தார்; தலைகீழாய் நிற்குமாறு பணிக்கவில்லை.

இது வெளியூர் வந்தபின் நாம் கண்ட புதுமையும் அன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளையும் விரித்துரைத்துள்ளார். எனினும், இக்கலையைக் குடும்பஸ்தரின் கூடத்திற்குக் கொணர்ந்த முயற்சிகள் சில, நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணிலேயே தோன்றின. 1918-இல் ஸ்ரீ யோகேந்திரர் மும்பையில் ஒரு யோக நிலையம் கண்டார். 1924-இல் சுவாமி குவலயானந்தர் லோனாவளாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனங்களின் விளைவை விஞ்ஞானக் கருவிகளால் ஆராய்ந்தார். 1937-இல் புனேக்கு வந்து தங்கிவிட்ட பி.கே.எஸ். ஐயங்கார், நாற்காலி, மரக்கட்டை, துணிப்பட்டை ஆகியவற்றின் துணையால் உடல் வளையாதவர்க்கும் வழி வகுத்தார்.

நம் உடலுக்கு நேர்வது யாது? அலுவலகத்தில் எட்டு மணி நேரம் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பதால் தொடையின் முன்புறத் தசைகள் இறுகுகின்றன, முதுகு கூனுகிறது, மார்பு ஒடுங்கி மூச்சும் மேலோட்டமாகிறது. ஊரில் சம்மணமிட்டு உண்டவரை நாம் இங்கே மேசைக்கு ஏற்றிவிட்டோம். இடுப்புப் பிடித்து ஒருவர் படுத்துவிட்டால், ஊரிலிருந்து பெரியம்மாவோ சித்தியோ ஓர் இரவும் பகலும் ரயிலில் வந்தன்றோ அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது! நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்தில்லா முறைகளுள் ஒன்றாக யோகத்தை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் பரிந்துரைத்ததையும் இங்கே நினைக்கலாம்.

ஒரு பாய் விரிக்க இடமும், வெறும் வயிறும், கால் மணி நேரமும் போதும். தாடாசனத்திற்குப் பாயும் வேண்டியதில்லை. இரு பாதங்களிலும் எடையைச் சமமாக ஊன்றி, தோள்களைத் தளர்த்தி, முதுகை நிமிர்த்தி நிற்பதே அது. பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கையிலும் செய்யலாம். குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தும் புஜங்காசனம் கூனலுக்கு எதிர்முறை. மல்லாந்து ஒவ்வொரு முழங்காலாக மார்போடு அணைக்கும் பவனமுக்தாசனம் இடுப்பைத் தளர்த்தும். உணவிற்குப் பின் செய்யத்தக்கது வஜ்ராசனம் ஒன்றே. முழங்கால் நோவுடையோர் அதையும் விட்டுவிடுக.

இறுதியில் சவாசனம். இதைச் சோம்பல் என்றெண்ணி எழுந்தோடுவோரே மிகுதி. மல்லாந்து படுத்து, கால்களைச் சற்றே அகற்றி, உள்ளங்கைகள் மேல்நோக்க, வெளிவிடும் மூச்சை நீட்டி ஐந்து நிமிடம் கிடந்து பாருங்கள். முதல் நிமிடத்தில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் வரிசையாய் வந்து நிற்கும். விரட்ட வேண்டா, மூச்சை மட்டும் கவனித்திருந்தால், மூன்றாம் நிமிடத்திலேனும் தாடை தானே தளர்வதை உணரலாம். உறங்கிவிட்டாலும் குற்றமில்லை.

இல்லத்தரசிகளுக்கு நேரமில்லை என்பது உண்மையே. ஆயின் அந்தக் கால் மணி நேரம் சட்டினி அரைக்கக் கணவன்மார்க்குக் கையில்லையா? அடுப்படியில் நின்றே பொழுதைக் கழிப்பவருக்கு இப்பயிற்சி நம்மினும் இன்றியமையாதது.

இரத்த அழுத்தம் மிக்கோரும், கண்ணில் நீரழுத்த நோயுள்ளோரும் சிரசாசனத்தை நாடலாகாது. முதுகுத் தட்டு விலகியவரும் கருவுற்றவரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக. நீரிழிவுக்காரர் ஆசனத்தை நம்பி மாத்திரையை நிறுத்துதல் கூடாது. சுளீரென்று வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துக. கைப்பேசியில் இளைஞர் ஒருவர் வளைவதைக் கண்டு நாற்பது வயதில் அவ்வாறே வளைய முயல்வது வீண் போட்டி.

தரையில் அமர இயலாத பெரியவர்கள், நாற்காலியில் நிமிர்ந்திருந்தே கைகளை மேலே நீட்டலாம். ஒவ்வொரு காலாக முன்னே நீட்டி மடக்கலாம். அந்நாற்காலிக்குச் சக்கரம் இருத்தலாகாது. சுவரோடு சேர்த்துப் போட்டுக் கொடுங்கள்.